துணியில் சுற்றிய கத்தி

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஞாபகமும் குறைவு. எண்பத்தேழாம் ஆண்டாக இருக்க வேண்டும். ரொறன்ரோவில், பழங்காலப் படைவீரர் வேடமிட்டவர்கள் துப்பாக்கி சுட்டுக்காட்டும் விழாவுக்கு மகனோடு போனேன். வேடக்காரர்களின் இடுப்பில் முழநீளக் கத்திகள் தொங்கின.

வத்தகப்பழம் வெட்ட நான் கொண்டுபோன கத்தி பைக்குள் இருந்தது. வெறுங்கத்தியோடு தெருவில் போவது எங்கள் வழக்கமில்லை, துணியில் சுற்றியிருந்தேன். காவலாளி அதைப் பிடித்துவிட்டான்.

"மறைச்சுக் கொண்டுவந்தது குற்றமாம். பொலிசைக் கூப்பிடப் போறானாம்" என்றான் மகன்.

"அப்ப உவையளின்ரை கத்தி?" என்று வேடக்காரர்களைக் காட்டினேன்.

"அது வெளியிலை தெரியுதாம். பேசாம இருங்கோ அம்மா, என்ரை அகதிக் கேஸ் கெட்டுப்போடும்!"

கடைசியில் காவலாளி பொலிசைக் கூப்பிடவில்லை. கத்தியைக் குப்பையில் போட்டவனுக்கு என் மகன் கைகூப்பி நன்றி சொன்னான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

அப்படியொரு சட்டம் உண்மையிலேயே இருந்ததா? தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.