பேசாதவருக்கு ஒரு ரேடியோ

"பேச்சே வராதவருக்கு வாக்கி டாக்கி எதுக்குங்க?" என்று சேலத்துக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேசறதுக்கு இல்லீங்க, பட்டன அழுத்தறதுக்கு" என்றேன்.

பக்கவாதம் அப்பாவின் பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிருந்தது. பிடிவாதத்தை மட்டும் விட்டுவைத்தது. ஏரியூர்ப் பக்கம், பாறைக் குன்றான கரட்டுக்கு அந்தப் புறம் எங்கள் கேழ்வரகுக் கொல்லை. அங்கே செல்போன் எடுக்காது. மயில் விரட்டப் போக வேண்டாம் என்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். கட்டிப்போடவா முடியும்?

லைசென்ஸ் இல்லாமல் சிட்டிசன்ஸ் பேண்டு ரேடியோ வைத்துக்கொள்ளலாம் என்று படித்திருந்தேன். முதலில் வாங்கியது கைக்கு அடக்கமான செட், விரல் நீள ஆன்டெனா. பார்க்க லட்சணம், கரட்டைத் தாண்டவில்லை. மாற்றப் போனபோது கடைக்காரர் முகம் கோணியது. அடுத்ததில் இழுத்து நீட்டும் ஆன்டெனா. சிக்னல் எட்டியது, ஆனால் இறுகலான பட்டனில் அப்பாவின் இடது கட்டைவிரல் வழுக்கியது. மூன்றாவது செங்கல் கனம். அதன் பட்டன் அகலமாக, தொட்டாலே அமுங்கியது. அதையே வைத்துக்கொண்டோம். வீட்டில் ஒரு பெரிய செட்டை வைத்து, மாடியில் குழாய் நட்டு நீளமான ஆன்டெனா கட்டினேன். "இடியக் கூப்புடறீங்களா?" என்று தெருவே சிரித்தது.

வீட்டுச் செட்டில் இரைச்சலை அடக்க ஒரு திருகு உண்டு. அடக்கினால் கரட்டுக்கு அப்பாலிருந்து வரும் மெலிந்த சிக்னலும் சேர்ந்து அடங்கியது. அதனால் திறந்தே வைத்தோம். நாள் முழுக்க ஸ்ஸென்று இரைச்சல். அப்பா பட்டனை அழுத்தினால் அது நிற்கும். சட்டென்று அழுத்தி விட்டால் நலம், விடாமல் அழுத்தினால் உடனே வா என்று பேசிவைத்தோம். "சாப்டீங்களா?" என்று அம்மா கேட்பாள், இரைச்சல் ஒரு கணம் நிற்கும். ஒருநாள் இரண்டு முறை நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "உன் வேலையப் பாரு" என்றாள்.

ஒரு முற்பகலில் இரைச்சல் நின்றது. திரும்ப வரவில்லை.

"ஓடு கண்ணு!" என்று அம்மா கத்தினாள். முட்டி வலியால் அவளால் ஓட முடியாது. செட்டின் முன் உட்கார்ந்து, "அவ வந்துட்டே இருக்கா, பயப்படாதீங்க" என்று பேசத் தொடங்கினாள். கரட்டில் ஏறும்வரை அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா வரப்பில் சாய்ந்து கிடந்தார். விரல் பட்டனை விட்டிருந்தது. உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

பக்கத்துக் கொல்லைக்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தோம். அம்மா வாசலில் நின்றாள். "எரைச்சல் திரும்ப வந்துச்சே, நீ போயி சேந்துட்டன்னுதான் நெனச்சேன். பேசறத வுட்டுட்டு சுடுதண்ணி வெக்கப் போனேன்" என்றாள்.

பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அப்பாவின் செட்டில் எதிர்க்குரல் கேட்காது. கையை எடுத்த பிறகுதான் கேட்கும். அவர் கையை எடுத்ததும் இரைச்சல் திரும்பியது, அதைக் கேட்டுத்தான் அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கடைசி வரைக்கும் என் கொரலக் கேட்டுக்கிட்டேதான் போனாரு" என்று சொன்னாள். இப்போதும் சொல்கிறாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "கேட்டிருக்கும்ல கண்ணு?" என்பாள்.

"கேட்டிருக்கும்மா" என்பேன்.