ஆக்ரா போன நாளில் காய்ச்சல் இல்லை

2006 அக்டோபரில் ஊர் சுற்றத்தான் டெல்லி போனேன். கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் அக்கா வீடு. அத்தானுக்கு மத்திய அரசு வேலை, பிள்ளைகளுக்கும் அங்கேயே படிப்பு. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு, அங்கிருந்து ரயிலில் முப்பத்து மூன்று மணி நேரம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் தட்டிக் கழித்தேன். மூன்று வருடம் ஆகிவிட்டது.

நான் போய் இறங்கியபோது அத்தானுக்குக் காய்ச்சல், இரண்டாம் நாள். எங்கும் டெங்கு பேச்சாக இருந்ததால் மறுநாள் காலை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். இரத்தத்தில் டெங்குவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சாயங்காலம் நான் மட்டும் போய்த் தாளை வாங்கினேன். நெகட்டிவ். "பாஞ்ச் தின் கே பாத் ஃபிர் ஸே" என்றார் கவுண்டர்க்காரர். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியதும் மறுபடி பார்க்க வேண்டுமாம். காசு பிடுங்க வழி பார்க்கிறார் என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் அதைச் சொல்லவே இல்லை. அக்கா தாளைச் சாமி படத்தடியில் வைத்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அத்தான் குளித்து, ஷேவ் செய்து, "தாஜ்மஹால் காட்டாம அனுப்பினா உங்க அக்கா என்னைச் சும்மா விடமாட்டா மாப்ளே" என்று கிளம்பிவிட்டார். இருநூறு கிலோமீட்டர். காலை ஆறேகாலுக்கு டாக்ஸி, பத்தரைக்கு ஆக்ரா. தாஜ்மஹாலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சுவரோரம் அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. டாக்ஸியை நேராக டெல்லி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னோம். மூன்றாம் நாள் போய்விட்டார். வயது முப்பத்தெட்டு.

ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தின் முடிவு, காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. நான்தான் வாங்கப் போனேன். பாசிட்டிவ். "அப் டீக் ஹைன் நா?" என்று அங்கிருந்த பெண் விசாரித்தாள், அவருக்கு இப்போது தேவலையா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டில் அக்கா, கவிழ்த்துப் போட்ட, தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் காலம் போன பிறகும் அதில் பல நாள் தண்ணீர் கிடந்ததாம்.

"டெங்குதானா தம்பி? நான் ஊத்தி வச்ச தண்ணிதான் அவங்கள கொன்னுட்டுதா?"

"அது பகல்ல கடிக்க கொசு, அக்கா. ஆபீஸ்லகூட கடிச்சிருக்கும்."

"நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான்" என்றேன். அதில் பொய் இல்லை. கவுண்டர்க்காரர் சொன்னதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

டெல்லி போகிறவர்களுக்கு: தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செப்டம்பர், அக்டோபரில் பகலிலும் முழுக்கைச் சட்டை போடுங்கள். காய்ச்சல் வந்தால், முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கும் ஆன்டிபாடி சோதனையை நம்பி ஊர் சுற்றாதீர்கள். இரத்தத்தில் அது தெரிவதற்கே அத்தனை நாளாகும். காய்ச்சல் விட்ட பிறகும் டாக்டரிடம் போங்கள்.

போன வாரம் போனில் பேசியபோது, இந்தக் கோடையிலும் டெல்லி வீட்டில் கூலர் போடவில்லை என்றாள் அக்கா. அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அவளுக்கு வரும். இதை அச்செடுத்து இன்று அவளுக்குத் தபாலில் அனுப்புகிறேன்.