நாற்பதாவது நிமிடம்

கார் ஏசி பழுது பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு நாற்பத்து நான்கு வயது வரை கார் ஓட்டத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கூலிங் அண்ணன் விஷயத்தில் அது உண்மை. கடைக்கு வரும் வண்டியை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் பக்கத்துக் கடை டயர்க்காரர்தான் வருவார். கையெல்லாம் எண்ணெய், ஸ்டீயரிங் அழுக்காகிவிடும் என்று கூலிங் அண்ணன் சொல்வார். பதினெட்டு வருடமாக இதே சாக்கு. டயர்க்காரருக்கு என்றைக்கோ விளங்கிவிட்டது. ஆனாலும் ஒரு நாள்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை.

கடை என்பது ஷட்டர் போட்ட ஓர் அறை. இரண்டு வண்டிகள் நெருக்கியடித்து நிற்கலாம். அதற்கு மேலே ஒரு ஜன்னலுள்ள மாடியறையில் கூலிங் அண்ணன் தனியாக இருந்தார். கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் சிரித்து மழுப்பிவிடுவார். காலையில் அக்கா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

ஒரு கோடை மத்தியானம், டிரைவிங் ஸ்கூல் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு சின்னக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்தப் பள்ளியைத் தனி ஆளாக நடத்தும் டீச்சர். நாற்பது வயதிருக்கும். நிதானமான குரல். வண்டியின் நோயை அவர் விவரித்த விதமே கூலிங் அண்ணனுக்குப் பிடித்துப்போனது. கிளம்பும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது, சரியாக நாற்பது நிமிடத்தில் சூடான காற்று வருகிறது, அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி ஜில்லென்று ஆகிறது. ஒரு கடையில் கேஸ் நிரப்பினார்கள். இன்னொரு கடையில் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னார்கள்.

"மாத்தச் சொன்னவங்க நாப்பது நிமிஷம் வண்டில உக்காந்து பாத்தாங்களா?"

"பத்து நிமிஷம் பாத்தாங்க. நல்லாத்தான் இருக்குன்னாங்க. அப்புறம், எதுக்கும் மாத்திடலாம்னாங்க."

கூலிங் அண்ணன் கேஜை மாட்டிப் பார்த்தார். கேஸ் அழுத்தம் அளவாக இருந்தது. ஃபியூஸ், ரிலே, ஒயர் எல்லாம் சரி. இன்ஜினை ஓடவிட்டு நிழலில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். வண்டி அவர் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. வெயிலில், நெரிசலில் ஓடினால்தான் அது தன் புத்தியைக் காட்டும் என்று தெரிந்தது. வேறு மெக்கானிக்காக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்திருப்பார். இவர் தலையைச் சொறிந்தபடி நின்றார். டீச்சரே வழி சொன்னார். மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கிறது, பின் சீட்டில் உட்கார்ந்து வரலாமே என்றார்.

அந்த வகுப்புக்கு வந்தவர் ஐம்பத்தைந்து வயதுத் தையல்கார அம்மா. கணவருக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். அதற்காகவே வண்டி கற்க வந்தவர், டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவது டெஸ்டுக்கு இன்னும் ஒரு வாரம். ஏசி நின்றதும் உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்குகிறது என்பது அவருடைய கவலை.

கூலிங் அண்ணன் காற்று வரும் துளையில் ஒரு வெப்பமானியைச் செருகிவிட்டு, பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் நாள் நாற்பதாவது நிமிடத்தில் வண்டி பாலத்தின் மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பாலத்தை விட்டு இறங்கி ஓரம்கட்டுவதற்குள், ஒரு குலுக்கலில் ஏசி தானாகவே திரும்பிவிட்டது. மறுநாளும் வருகிறேன் என்றார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. டீச்சர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது நன்றாக இருந்தது. தையல்கார அம்மா கியர் விழாமல் அலுத்துக்கொண்டபோது டீச்சர், "கியரத் திட்டாதீங்கம்மா, நீங்க சொன்னதத்தான் அது செய்யுது" என்றார். பிரேக் என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் பின் சீட்டில் தன் வலது காலும் அழுந்துவதைக் கூலிங் அண்ணன் இரண்டாம் நாள்தான் கவனித்தார்.

அன்று வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியதும் தையல்கார அம்மா ஒரு மரத்தடியில் அழகாக ஓரம்கட்டினார். கூலிங் அண்ணன் பானெட்டைத் திறந்தார். கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் தட்டு, தன் பின்னால் சுழலும் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். சக்கரம் சுழன்றது, தட்டு சும்மா நின்றது. சோதனை விளக்கை வைத்தார். எரிந்தது. கரண்ட் வருகிறது. ஒரு சுத்தியலின் மரப்பிடியால் தட்டை மெல்லத் தள்ளினார். டிக் என்று ஒட்டிக்கொண்டு சுழன்றது. உள்ளே குளிர்ந்த காற்று வந்தது.

"ரொம்ப நாள் ஓடித் தேஞ்சதுல, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடிருச்சு" என்றார். "சூடேறினா காந்தத்துக்கு இழுக்குற பலம் குறையும். அவ்வளவு தூரம் எட்டல. வேற ஒரு கோளாறும் இல்ல."

இந்த நேரத்தில் தையல்கார அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் லேசாகத் தலை சுற்றியது. டீச்சர் அவரைப் பின் சீட்டில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தார். தான் அம்மாவோடு உட்கார்ந்துகொள்வதாகவும், கடை வரைக்கும் வண்டியைக் கூலிங் அண்ணனே ஓட்டட்டும் என்றும் சொல்லிச் சாவியை நீட்டினார். கையில் எண்ணெய் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். கைகளைப் பார்த்தார். அன்றைக்கென்று சுத்தமாக இருந்தன.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

பின் சீட்டிலிருந்து தையல்கார அம்மாதான் முதலில் பேசினார். "அப்பாடா. இந்த வண்டில நான் மட்டும்தான்னு நெனச்சேன்."

டீச்சர் சிரிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. அந்த அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து காகிதம் போன்ற ஒரு மெல்லிய வாஷரை எடுத்துவிட்டால் இடைவெளி குறைந்துவிடும். அரை மணி நேர வேலை. பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமலே கூலிங் அண்ணன் சொன்னார். இருபத்திரண்டு வயதில், அக்கா வீட்டு மாமாவின் வேனைப் பின்னால் எடுத்தார். அக்கா பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். அவள் பாதத்தில் இரண்டு எலும்புகள் முறிந்தன. இன்றைக்கும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள்.

"அவ ஒரு வார்த்த சொல்லல. ஒரே ஒரு தடவ திட்டியிருந்தாக்கூட நான் மறுபடி ஓட்டியிருப்பேன்னு தோணுது."

"அப்ப ரிவர்ஸ்லேர்ந்தே ஆரம்பிச்சுடலாம்" என்றார் டீச்சர். "சனிக்கிழமை காலைல ஆறு மணி."

ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் முதல் இரண்டு வாரமும் கூலிங் அண்ணன் பின்னோக்கி மட்டுமே போனார். அவரே சரிசெய்த ஏசியில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இதற்கிடையில் தையல்கார அம்மா டெஸ்டில் தேறிவிட்டார். அடுத்த வாரமே கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சிக்னலில் ஹாரன் அடித்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதை டயர்க்காரர் வந்து சொன்னார். கூலிங் அண்ணனுக்கு லைசென்ஸ் வர மூன்று மாதம் ஆனது.

அதை எடுத்துக்கொண்டு அவர் நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனார். டீச்சரிடம் கற்றுக்கொண்டதையும், இத்தனை நாள் ஓட்டாததன் காரணத்தையும் அன்றுதான் சொன்னார். அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்தாள்.

"அதையா இத்தன வருஷமா நெஞ்சுல சுமந்துட்டிருந்த? உங்க மாமாவுக்குத் தெரியாம சாவிய உன் கைல குடுத்ததே நான்தானடா. எங்க வெளிய தெரிஞ்சுடுமோன்னு பயந்துக்கிட்டுத்தான் நான் வாயே தொறக்கல. பாவம், உன்னை வேற பயமுறுத்திட்டமேன்னு நெனச்சு நெனச்சு அழுதிருக்கேன்."

பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரந்த டீச்சர் என்று கேட்டாள். அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அதன் பிறகு கூலிங் அண்ணன் மாதம் ஒரு தடவை டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், அழைக்காமலே ஏசியைச் சோதிக்கலானார். நாலாவது தடவை டீச்சர் பானெட்டைச் சாத்திவிட்டு, "ஏசி நல்லாத்தான் இருக்கு. நீங்க சும்மாவே வரலாம்" என்றார். ஒரு வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து, தையல்கார அம்மா.

இப்போது விடுமுறை நாட்களில் இருவரும் வண்டியில் நீண்ட தூரம் போகிறார்கள். டீச்சருக்கு ஒரு கஷ்டம் உண்டு. பிறர் ஓட்டும் எந்த வண்டியிலும் அவரால் கண்ணயர முடியாது. பேருந்தில்கூடக் கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் கூலிங் அண்ணன் ஓட்டும்போதும் அப்படித்தான். போன மாதம் மலைச்சாலையில் இறங்கி வருகையில் பக்கத்தில் கால் அழுந்தும் சத்தமே கேட்கவில்லையே என்று அவர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கூலிங் அண்ணன் ஏசிக் காற்றின் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்தார். அடுத்த வளைவை இன்னும் மெதுவாக எடுத்தார்.