திரேஸ்புரம் கடலில் இமோ சொன்ன முகவரி

இந்தப் பதிவில் தூத்துக்குடி மக்ரூன் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனது, இறந்துபோன ஒரு அம்மாவுக்குப் புது வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டு வர.

நாங்கள் என்றால் நானும் இமோவும். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் கொரிய மொழிபெயர்ப்பாளர். சொந்த ஊர் ஆரணிப் பக்கம், அங்கே இப்போது எனக்கென்று யாருமில்லை. இமோ கொரியர்களுக்கு மெஸ் நடத்துகிறவர். இமோ என்றால் அவர்கள் மொழியில் அம்மாவின் சகோதரி. சாப்பாட்டுக்கடை அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சில வருடங்களாக எனக்கு இரவுச் சாப்பாடு அங்கேதான். பெரிதாகப் பேச்சு கிடையாது. அவர் டிவி பார்ப்பார், நான் சாப்பிட்டுவிட்டு எதிர்ச் சந்தில் இருக்கும் என் அறைக்குப் போய்விடுவேன்.

இமோ பிறந்தது ஒசாகாவில். கொரியா ஜப்பானின் கையில் இருந்தபோது ஜெஜூ தீவிலிருந்து கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களின் பேத்தி. நம் ஆட்கள் இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போன மாதிரி, கொரியர்கள் ஹவாய்க் கரும்புக்கும் மெக்சிகோ கற்றாழைக்கும் போனார்கள். ரஷ்யாவின் கிழக்கோரத்தில் இருந்தவர்களை ரயிலில் அடைத்துக் கஜகஸ்தானில் இறக்கிவிட்டார்கள். ஜெஜூவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பது பெண்களின் தொழில். இமோவின் அம்மா அதையே ஜப்பான் கரையில் செய்தார். ஒருநாள் மூழ்கியவர் மேலே வரவில்லை. சிறுமியான இமோ கரையில் உட்கார்ந்திருந்தாராம்.

வருடா வருடம் அம்மாவின் நினைவு நாளில், அவர் உள்ளே வர, வாசல் கதவைத் திறந்துவைத்து இமோ படையல் போடுவார். வீடு மாறினால் முன்கூட்டியே இறந்தவர்களிடம், கடலில் போனவர்கள் என்றால் கடலுக்கே போய், சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய வாசலில் போய் நிற்பார்கள் என்பது அவர் வீட்டு வழக்கம். கல்யாணமாகிக் கொரியாவின் பூசானுக்குப் போனபோது சொன்னார். கணவரோடு ஸ்ரீபெரும்புதூர் வந்தபோதும் சொன்னார். கணவர் இறந்து, மகன் கனடா போய், இந்த வருடம் மெஸ் இருக்கும் தெருவிலேயே சின்ன ஃபிளாட்டுக்கு மாறியபோது மட்டும் விட்டுப்போயிற்று. நினைவு நாளுக்கு ஒரே வாரம் இருந்தது. மெரினாவில் சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். அங்கே காற்று வாங்குகிறவர்கள்தான் இருக்கிறார்கள், மூழ்குகிறவர்கள் இருக்கிற கடல்தான் வேண்டும் என்றார்.

எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவு ஏழரை வாக்கில் புறப்படுகிறது. ஸ்லீப்பர் நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. விடிந்ததும் தூத்துக்குடி. ஸ்டேஷனிலிருந்து, மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்கள் இருக்கும் திரேஸ்புரத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோ நூற்றைம்பது. இமோ வழி முழுக்க ஒரு துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தார். அதற்குள் வெள்ளைத்தாளில் மடித்து நூல் சுற்றிய சோற்றுப் பொட்டலங்கள், கடலில் போனவர்களுக்குக் கடலில் போடும் படையல்.

கரையில் படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தது, ஒரு ஆளைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் அன்று மட்டும்தான் லீவு, அவர்களுக்கும் அன்றுதான் லீவு என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை. இமோ கரையில் நின்றே ஒரு பொட்டலத்தை வீசினார். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது. இன்னொன்று, அதுவும் வந்தது. நனைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை.

பூசை முடிந்து வெள்ளை வேட்டியில் வந்த ஒருவர் என்ன விஷயம் என்று விசாரித்தார். பெயர் சேவியர், சங்கு குளிக்கிற அண்ணன். இமோவின் அம்மா கதையைச் சொன்னேன், பொம்பளை மூழ்குவாளா என்று முதலில் நம்பவில்லை. பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவுகளுக்கு மேல யாரு கயிறு புடிச்சா?"

முத்துக்குளித்த காலத்தில் மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பாராம். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதே என்று கண் அசராமல் இருப்பார். இப்போது காற்றுக் குழாய் வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்வதும் அவருடைய மச்சான்தான். நான் இமோவிடம் கேட்டுச் சொன்னேன். ஜெஜூப் பெண்களுக்குக் கயிறு கிடையாது, யாரும் பிடிக்கவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு படகில் ஏறச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று இழுத்தேன்.

"தொழிலுக்குத்தான் போவக் கூடாது. பெத்தவளப் பாக்கப் போறதுக்கு என்ன?"

கரை மங்கலாகத் தெரிகிற தூரம் போய் இன்ஜினை நிறுத்தினார். மிச்சப் பொட்டலங்களை வலைத்துண்டில் வைத்து, கல்லோடு கயிற்றில் கட்டினார். அவரே இறக்குவார் என்று நினைத்தேன். கயிற்றை இமோ கையில் கொடுத்தார்.

"ஆளு வரலன்னா யாருக்கு நட்டமோ, அவுகதான் புடிக்கணும்."

நான் மொழிபெயர்த்தேன். இமோ இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். கல் தரை தட்டியதும் குனிந்து, தண்ணீரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். என்ன சொல்லுதாக என்று அண்ணன் மெல்லக் கேட்டார். விலாசம் சொல்கிறார் என்றேன். தெரு, பிளாக், மூன்றாவது மாடி.

"பக்கத்துல ஏதாவது அடையாளம் சொல்லச் சொல்லுங்க தங்கச்சி. வெறும் நம்பர வச்சு எப்படிக் கண்டுபிடிப்பாக?"

அதையும் சொன்னேன். இமோ என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீரிடம், எதிர்ச் சந்தில் செல்வி இருக்கிறாள், அவளுக்கு நம் பேச்சு தெரியும், வழி தெரியாவிட்டால் அவளிடம் கேள் அம்மா என்றார். செல்வி நான்தான். என்ன அடையாளம் என்று அண்ணன் கேட்டார். அன்று என்னால் மொழிபெயர்க்க முடியாமல் போனது அந்த ஒரு வரிதான். அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: படகுக்கு ஞாயிறு வேண்டாம், திங்கள் காலை போங்கள். தொப்பி அவசியம். காலையில் இட்லி போதும், படகில் குமட்டும். அண்ணன் டீசலுக்குக்கூட எதுவும் வாங்கவில்லை, எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். திரும்பும் ரயில் இரவில், பகல் முழுக்க வெயிலில் அலைய வேண்டியிருக்கும். நாங்கள் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல் பேசிக்கொள்ளவில்லை. இமோ என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

அடுத்த வாரம் நினைவு நாள் அன்று இமோ வீட்டுக் கதவு திறந்திருந்தது. படையல் முடிந்து அறைக்கு வந்தேன். தனியாக இருக்கிற பெண், எப்போதும் இரண்டு தாழ்ப்பாளும் போட்டுத்தான் படுப்பேன். அன்று, யாராவது வழி கேட்டு வரக்கூடும் என்று, கதவை வெறுமனே சாத்திவைத்துவிட்டு விழித்திருந்தேன்.