வலது கால் வரைந்த கோடு

ஸ்டியரிங் அக்கா என்றால் ஆஸ்பத்திரி வாசலில் தெரியாதவர் கிடையாது. டயாலிசிஸுக்கு வருகிறவர்களை வீட்டில் ஏற்றி, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் இறக்குவது அவள் வேலை. வண்டி ஓர் உயரமான பெட்ரோல் எஸ்யூவி. ஊசி குத்திய கையோடு உட்கார்ந்திருப்பவர்களைக் குலுக்கக் கூடாது என்று ஆக்சிலரேட்டரை அவள் மிதிப்பதே இல்லை; பாதத்தை வைத்து மெல்ல அழுத்துவாள். அக்கா வண்டியில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே போகலாம் என்பார் பின்சீட்டில் வரும் தையல்காரர்.

போன வருஷம் அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். வலது கால் கொஞ்ச நாள் மரத்துக் கிடந்தது. தேறியபின், தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். ஓட்டினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வண்டி தயங்க ஆரம்பித்தது. அழுத்தினால் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு திடுக்கென்று பாயும். ஒரு நாள் பெரிய சாலையில் ஏறும்போது பாதியிலேயே முக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தார்கள்.

அவள் தம்பி குழாய் வேலை பார்ப்பவன். விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தான், வண்டியை ஒரு சுற்று ஓட்டினான். அவன் மிதிப்பது கதவை உதைக்கிற மாதிரி. வண்டி பறந்தது.

"நான் ஓட்டினா ஓடுது, நீ ஓட்டினா நிக்குது. இதுக்கு மேல நான் என்னக்கா சொல்றது? சாவியக் கொடு."

கொடுத்துவிட்டாள். அதுதான் கொடுமை. சமையலறையில் நின்று வலது காலால் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கால் ஒழுங்காகத்தான் அழுத்தியது. ஆனால் அதன் பேச்சை அவளாலேயே நம்ப முடியவில்லை. பழி போடுவதற்கு உடம்பைப்போல வசதியான ஆள் கிடையாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது.

வண்டியை விற்றுவிடலாம் என்று தம்பி முடிவு கட்டி, கடைசியாக ஒரு தடவை பார்த்துக் கொடுக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். அக்காவும் கூடப் போனாள். மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் மைக்செட். பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும். ஏற்கெனவே அவர் ஏர் ஃபில்டரை மாற்றி, காற்றை அளக்கும் சென்சாரைத் துடைத்து, தானே ஓட்டிப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று கைவிரித்தவர். இப்போது அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் ஓட்டிப் பாத்தோம். நீங்க ஓட்டி நான் பாக்கவே இல்லையேக்கா."

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, அதன் திரையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டறைக்குப் பின்னால் ஆளில்லாத சாலை. அவள் வழக்கம்போல அழுத்தினாள். வண்டி வழக்கம்போலத் தயங்கிப் பாய்ந்தது. ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லித் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள். பச்சைக் கோடு நூலை இழுத்துப் பிடித்ததுபோல, ஒரு நடுக்கம் இல்லாமல், சீராக மேலே ஏறியிருந்தது. சிவப்புக் கோடு அடியிலேயே படுத்துக் கிடந்து, பிறகு துள்ளிக் குதித்திருந்தது.

"பச்சை யாரு?"

"உங்க கால்."

"சிவப்பு?"

"உங்க கால் கூப்பிட்டும் எழுந்திரிக்காத சோம்பேறி."

அவள் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. மரத்துப்போன கால், வெட்டித் தைத்த முதுகுக்குக் கீழே தொங்குகிற கால், இவ்வளவு நேராகவா ஒரு கோடு போடும்? விரலை நீட்டினாள், தொட்டால் அழிந்துவிடும் என்பதுபோல உடனே இழுத்துக்கொண்டாள்.

பிறகு தம்பியை ஓட்டச் சொன்னார்கள். அவன் கோடு மொட்டை மாடியிலிருந்து செங்கல் விழுந்த மாதிரி, ஆனால் மேல்நோக்கி. சிவப்பும் பயந்துபோய்க் கூடவே எகிறியிருந்தது. மைக்செட்டுக்குச் சங்கதி பிடிபட்டுவிட்டது. எஞ்சினுக்குக் காற்று போகிற வாயில் ஒரு வட்டத் தகடு உண்டு. கால் கேட்கிற அளவுக்கு ஒரு மோட்டார் அதைத் திறந்துவிடும்; அது திறக்கிற அளவுதான் சிவப்புக் கோடு. ஓங்கி மிதித்தால் ஒட்டிக்கொண்ட தகடுகூடப் பிய்த்துக்கொண்டு திறக்கும். மெல்ல அழுத்துகிறவருக்குத்தான் அதன் குணம் தெரியும்.

காற்றுக் குழாயைக் கழற்றினார். தகட்டின் விளிம்பைச் சுற்றி அடிப்பிடித்த பாத்திரம்போலக் கரி. கிளீனரைத் துணியில் நனைத்து, தகட்டைக் கையால் நெம்பாமல், பொறுமையாகத் துடைத்தார். வெள்ளித் தட்டுபோல வெளியே வந்தது. எல்லாவற்றையும் பூட்டி, ஸ்கேனரில் எதையோ தட்டிவிட்டு, மிதியைத் தொடவே கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார்.

எஞ்சின் ஓடியது. சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"என்ன பண்ணுது?"

"கரியோட பழகினத மறந்துட்டு, புதுசா எவ்வளவு திறக்கணும்னு தானே கத்துக்குதுக்கா."

கை கட்டி மூவரும் காத்திருந்தார்கள். தொட்டில் பிள்ளை தூங்குகிறதா என்று பார்ப்பவர்கள்போல மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். சத்தம் மெல்ல மெல்ல ஒரே சீராக அடங்கியது.

பெரிய சாலை முக்குக்கு அக்காதான் ஓட்டினாள். தம்பி பின்சீட்டில், மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி. தூரத்தில் ஒரு லாரி வந்தது. அதைப் போகவிட்டு, இடைவெளி பார்த்து, பாதத்தை வைத்து அழுத்தினாள். அழுத்திய அளவுக்கு, அழுத்திய அக்கணமே, வண்டி எழுந்து போனது.

தம்பியின் கை கைப்பிடியிலிருந்து தானாக இறங்கியது. பிறகு சட்டைப் பையைத் துழாவி எதையோ எடுத்து, முன்பக்கம் எட்டி, கியருக்குப் பக்கத்தில் வைத்தான். ஸ்பேர் சாவி.

"இதையும் எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன்க்கா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது, குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். பச்சை விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.