கேட்டில் ஒரு வண்டியும் நிற்கவில்லை

ஈவாஞ்சலினுக்கு அடுத்த நாற்காலி எனக்கு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் பிரிவு எங்களுடையது. ஏழு வருடமாக அவள் வாயைக் கிளறிப் பார்க்கிறேன். வேலையைத் தவிர எதுவும் பேசமாட்டாள், அழுத்தக்காரி. அவள் அப்பா தேவபிரசாதம் டிரெய்லர் ஓட்டுகிறார் என்பதே எனக்கு மூன்றாம் வருடம்தான் தெரிந்தது.

போன சித்திரை வெயிலில் செந்தூர்வேல் என்ற டிரைவர் யார்டுக்குள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்குச் சொல்ல நம்பர் இல்லை; அவர் போனைத் திறக்கவும் முடியவில்லை. மனைவிக்குத் தகவல் போக ஆறு மணி நேரம் ஆயிற்று. அவர் பிழைத்துவிட்டார். ஈவாஞ்சலினுக்கு மட்டும் அந்த ஆறு மணி நேரம் மறக்கவில்லை.

கேட்டில் நுழைகிற வண்டிகளைப் பதிகிற கம்ப்யூட்டர் டேபிளில், வீட்டு நம்பருக்கு ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று மேனேஜர் பாண்டித்துரையிடம் கேட்டாள்.

"பதினெட்டுக் கோடி வரி உள்ள டேபிள்மா. அதுல கை வச்சா கேட் நாலு மணி நேரம் படுத்துரும். ஒரு வண்டி நின்னாலும் நீதான் பதில் சொல்லணும், பாத்துக்க" என்றார்.

பொறுப்பை ஏற்றுச் சரி என்றுவிட்டாள். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது.

பழைய டேபிளில் அவள் கையே வைக்கவில்லை. பக்கத்தில் புதுக் கட்டத்தோடு காலியாக இன்னொன்று போட்டு, ஐயாயிரம் ஐயாயிரம் வரியாக அதில் நகலெடுத்தாள். இடையில் நுழைகிற வண்டிகள் இரண்டிலும் பதிவாகும்படி செய்தாள். கேட்டில் கூட்டம் கூடினால் நகலை நிறுத்துவாள், குறைந்தால் தொடர்வாள். பன்னிரண்டு நாள் ஆனது.

பழையதன் இடத்தில் புதியதை வைப்பதுதான் பாக்கி. கேட் ஓய்ந்திருப்பது ஞாயிறு காலை, ஆராதனை நேரத்தில். ஆராதனையை ஒருநாளும் விடாதவள் அன்று ஆபீசில் இருந்தாள், துணைக்கு நானும். பொத்தானை அழுத்தினாள். ஒரு நொடியில் மாறிவிட்டது.

திரையில் வண்டிகளின் பதிவுகள் வழக்கம்போல் விழுந்தன. பதினோராவது வண்டியின் வீட்டு நம்பர் எனக்குப் பழக்கமானது; தினமும் நான் கூப்பிடுகிற நம்பர். டிரைவர் பெயர் தேவபிரசாதம்.

ஈவாஞ்சலின் ஸ்பீக்கரில் அப்பாவுக்குப் போன் போட்டாள். இவள் செய்த வேலை எதுவும் அவருக்குத் தெரியாது.

"அப்பா, கேட்ல நேரமாயிட்டா?"

"எங்க? வந்தேன், போனேன். அங்கன ஒரு புள்ள வீட்டு நம்பர் கேட்டா. ஒன் நம்பரத்தான் சொன்னேன். ஏளா, கொரலு ஒரு மாரியா இருக்கு? அழுதியா?"

"இல்லப்பா. சளி."