அம்மாவுக்கு வாங்கிய போட்டோ பிரின்டர்

இந்த நாட்டுக் கடைக்காரர்கள் சில வேளைகளில், "இதை நீங்கள் வாங்கத் தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். நோர்வேயின் பேர்கனுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகியும் எனக்கு அது பழகவில்லை. சென்ற மார்கழியில், வீட்டில் வைத்துப் படம் அச்சிடும் பிரின்டர் ஒன்று வாங்கப் போனேன். மாதம் எத்தனை படம் என்று விற்பனையாளர் கேட்டார். எட்டு என்றேன். எட்டுப் படத்துக்கு எதற்குப் பிரின்டர், இணையத்தில் அனுப்பினால் தபாலில் வருமே என்றார். அதே எட்டுப் படங்களைத்தான் திரும்பத் திரும்ப அச்சிடவேண்டும், என் அம்மாவுக்கு, என்றேன். "அவருக்குப் படங்கள் அவ்வளவு பிடிக்குமா!" என்று சிரித்தார். மறதி நோய் என்பதற்கு அவர்கள் மொழியில் எனக்குச் சொல் தெரியாமலில்லை. வாய் வரவில்லை. நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அம்மா திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில், அக்காவோடு இருக்கிறார். அக்கா கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடமே அம்மாவுக்கு முகங்கள் மறக்கத் தொடங்கின. அக்கா ஃபோனில் ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்.

"தம்பி, ஃபோன் சரிவராது," என்றார் ஒருநாள். "வெளிச்சம் அணைஞ்ச உடன, ஆளைக் கொண்டுபோயிட்டாங்கள் எண்டு குழறுறா. கையில குடுக்கிற மாதிரிப் படம் வேணும்."

போர்க்காலத்தில் ஓர் இரவு அப்பாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அந்த வருடம் வீடும் எரிந்தது, அல்பங்களும் போயின. என்னையாவது காப்பாற்ற வேண்டுமென்று அம்மா வெளியே அனுப்பிவைத்தார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதில் நான் எப்படியிருந்தேன் என்பதற்கு எங்களிடம் ஒரு படமும் இல்லை.

பட்டினத்துக் கடையில் அச்சிட்ட படங்களை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்தபடியே குளித்தார். நிறம் கரைந்து போயிற்று. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அக்காவால் அடிக்கடி கடைக்குப் போக முடியவில்லை. அதனால்தான் வீட்டுக்கே ஒரு பிரின்டர்.

கடையில் இரண்டு வகை இருந்தன. மை ஊற்றுவது பெரியது. செலவு குறைவு, ஆனால் சில வாரம் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துவிடுமாம். மற்றது சாப்பாட்டுப் பெட்டியளவு. மைக்குப் பதில் நிற நாடா, கொம்பியூட்டரும் வேண்டாம், ஃபோனிலிருந்தே அனுப்பலாம். விற்பனையாளர் விரலை நனைத்து மாதிரிப் படமொன்றைத் தேய்த்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அதையே வாங்கினேன், நாடாவும் தாளும் ஒரு பை நிறைய.

தை மாதம் கொண்டுபோனேன். "வாங்கோ, இருங்கோ," என்று அம்மா எனக்குக் கதிரை காட்டினார். அக்கா என்னைப் பார்க்காமல் பிளக்கைத் தேடினார்.

அந்தப் பிரின்டரில் தாள் நான்கு தடவை வெளியே வந்து உள்ளே போகும். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, நீலம், கடைசியில் தண்ணீர் படாத பூச்சு. முதலில் என் படத்தை அனுப்பினோம். மஞ்சளில் மங்கலாக ஓர் உருவம் தெரிந்ததும் அம்மா எழுந்துவிட்டார்.

"ரவி வாறான்! என்ட ரவி வாறான்!"

படம் முழுதாக வந்து விழுந்தது. நரைத்த தாடி, கண்ணாடி. அம்மா கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர்?"

"ரவிதானம்மா," என்றார் அக்கா.

"இல்லை. இது ஆரோ ஒரு ஐயா." திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது என் மகனின் படம். பனிக்குள் நின்று சிரிக்கிறான், பத்தொன்பது வயது, திருகோணமலையை ஒருதரமும் கண்டதில்லை. அம்மா அதைப் பறித்து முத்தமிட்டார். அக்கா திருத்த வாயெடுத்தார். வேண்டாமென்று நான் கண்ணைக் காட்டினேன்.

மாலையில் அம்மா அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார்.

"இவன் என்ட மகன். நீங்கள் எங்கயிருந்து வந்தனீங்கள்?"

"நோர்வேயிலயிருந்து."

"அங்கதான் அவனும். குளிருக்க நிக்கிறான், பாருங்கோ. கண்டால் வரச்சொல்லுங்கோ."

"ஓம் அம்மா, சொல்லுறன்."

மூன்று வாரமும் நான் அந்த ஐயாவாகவே இருந்தேன். நகம் வெட்டிவிட்டால் நன்றி சொன்னார். சோறு ஊட்டினால், உங்கட வீட்டில தேடமாட்டினமோ என்று கேட்டார். இல்லையம்மா என்றேன்.

புறப்பட்ட காலை, வாகனம் திரும்பும்வரை அம்மா வாசல் கேற்றடியில் நின்றார். "போயிட்டு வாங்கோ ஐயா," என்று ஒரு கையை அசைத்தார். மற்றக் கையால் என் மகனின் படத்தை, முகத்தில் வெயில் படாதபடி, நெஞ்சோடு அணைத்திருந்தார்.